உரக்கடைத் தொட்டியும் ஏழுமலையின் கையும்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். எழுதுகிற தகுதி எனக்குக் கிடையாது. பத்தாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் சில விண்ணப்பங்களும், மீன் தொட்டிகளின் மேல் ஒட்டுகிற ‘கண்ணாடியைத் தட்டாதீர்கள்’ என்ற சீட்டும்தான். அந்தச் சீட்டையும் யாரும் மதித்ததாக நினைவில்லை. தோள்பட்டை மக்கர் செய்து, வாளி தூக்க முடியாமல், மீன் தொட்டி பராமரிக்கிற வேலையைப் போன வருடம் நான் விட்ட பிறகு, ‘அக்கா, உங்க அனுபவத்த எழுதுங்கக்கா’ என்று, இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் உங்கள் வாட்ஸப் குழுவில் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். முடியாது என்று சொல்வதற்கும் கூச்சமாக இருந்ததால் எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்ததே மனிதர்களோடு பேச வேண்டியிருக்காது என்று நம்பித்தான். மீன் பேசாது, பவளம் பேசாது. தொட்டிக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருப்பார், அவர் நிறையப் பேசுவார் என்பதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

பாசி ஏன் வருகிறது, எத்தனை மணி நேரம் விளக்கு எரிய வேண்டும், எந்த நத்தை எதைத் தின்னும் என்பதெல்லாம் உங்கள் போனிலேயே இருக்கிறது. அதை நான் சொல்லப் போவதில்லை. பாசி வந்துவிட்டது, முதலாளி முறைக்கிறார், நம் பெயர் கெடப் போகிறது என்னும்போது புத்தி எந்தப் பக்கம் ஓடும் என்பதைப் பற்றி மட்டும் ஒரு சம்பவம் சொல்கிறேன். என்னுடைய புத்தி ஓடிய பக்கத்தில் ஏழுமலை என்று ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார்.

சிதம்பரத்திலிருந்து கீரப்பாளையம் போகிற சாலையில் ஒரு உரக்கடை. முதலாளி நல்ல மனிதர்தான், குரல் மட்டும் பெரியது. வியாபாரம் மந்தமாக இருந்த நேரத்தில், ஈசான மூலையில் மீன் வைத்தால் ஓடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கடல் மீனாக இருந்தால் இன்னும் வேகமாக ஓடும் என்பது அவராகவே சேர்த்துக்கொண்டது. அப்படித்தான் யூரியா மூட்டைக்கும், உரம் வாங்குகிறவர்கள் விரல் வைக்கிற கைரேகை மிஷினுக்கும் நடுவில் மூன்றடிக் கடல் தொட்டி ஒன்று வந்தது. உள்ளே இரண்டு கோமாளி மீன்கள், காளான் மாதிரி ஒரு மென்பவளம், சட்டைப் பொத்தான் அளவில் கொத்துக் கொத்தாகப் பூக்கிற இன்னொன்று. தை மாதம் வைத்தோம். பங்குனி முடிகிற வரை அவ்வளவு அழகாக இருந்தது.

தொட்டிக்கு வேண்டிய கடல் தண்ணீரை என் தம்பி கொடுத்தான். கடலூரில் எங்கள் வீடு கடலோரம். தம்பி விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவன். கரையிலிருந்து வெகுதூரம் போன பிறகு கேன்களில் மொண்டு வருவான். காசு கொடுத்தால் கோபித்துக்கொள்வான். தீபாவளிக்குப் புடவை, பொங்கலுக்குக் கரும்பு, வாரத்துக்கு இரண்டு கேன் கடல் தண்ணீர், எல்லாம் பிறந்த வீட்டிலிருந்து வருகிற சீர் என்றே அவன் கணக்கு. மீன் ஏற்றிக்கொண்டு சிதம்பரம் போகிற மினி வேனில் கேன்களோடு நானும் ஏறிக்கொள்வேன்.

சித்திரையில் பாசி வந்தது. முதலில் ஒரு கல்லின் ஓரத்தில் இரண்டு பச்சை முடி. அடுத்த வாரம் மீசை. அதற்கடுத்த வாரம் சாமியார் தாடி. பிரஷ் போட்டுத் தேய்த்தேன், கையால் பிடுங்கினேன். பிடுங்கப் பிடுங்க வந்தது.

கடைக்கு வருகிற விவசாயிகளுக்கு இது ஒரு வேடிக்கை.

“யோவ், ஒரு மூட்டை போட்டியா உள்ள? என் வயல்ல இப்புடி ஒரு பச்சைய நான் பாத்ததே இல்லியே.”

“அதே உரத்துல எனக்கு ரெண்டு மூட்ட குடுய்யா. இவரு தொட்டியில வெளையுது, நமக்கு வெளையாதா?”

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த மாதம் வியாபாரம் கூடியது. முதலாளிக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. கோபத்தை எனக்கும் சிரிப்பை அவர்களுக்கும் பிரித்துக் கொடுத்தார்.

ஒரு பெரியவர், கோயில் குளத்தில் போடுகிற மாதிரி செப்புக் காசு போட்டால் பாசி பிடிக்காது என்று சொல்லி, சொன்ன கையோடு ஒன்றைப் போட்டும் விட்டார். செம்பு பட்டால் பவளம் செத்துப் போகும். முழங்கை வரை கையை விட்டு எடுத்தேன். “போட்ட காச எடுக்கறியேம்மா, சாமி குத்தம்” என்றார். காசைத் துடைத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு நின்றேன்.

பாசி எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு அப்போது தெளிவாகத் தெரிந்திருந்தது. உரக்கடையில் இருக்கிற தொட்டிக்கு உரம் எங்கிருந்து வரும் என்று கேட்க வேண்டுமா? அந்தக் கடையில் சில்லறையாக உரம் நிறுத்துக் கொடுப்பவர்தான் ஏழுமலை. ஐம்பது வயது, ஒரு கால் கொஞ்சம் இழுக்கும், கீரப்பாளையத்திலிருந்து சைக்கிளில் வருவார். டிஏபி உரத்தை வெறுங்கையால் அள்ளித் தராசில் போடுவார். கையை வேட்டியில் துடைத்துக்கொள்வார். அதே கையால் மீனுக்கு ஒரு சிட்டிகை தீனி போடுவார். போட்டுவிட்டு, “சாப்புடு மாப்ள, சாப்புடு” என்று மீனிடம் பேசுவார். அவர் குரல் கேட்டால் இரண்டு மீனும் மேலே வரும்.

தொட்டித் தண்ணீரைப் பரிசோதித்தேன். உரத்தில் இருக்கிற, பாசியை வளர்க்கிற பாஸ்பேட் தண்ணீரில் இருந்தால், குப்பியில் எடுத்து மருந்து சொட்டியதும் நீலமாகும். நீலம் ஏற ஏற அளவு ஜாஸ்தி. ஊதா மை போல வந்தது. என்னிடம் அப்போது இன்னொரு கடல் தொட்டி மட்டும் இருந்தது, கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பல் டாக்டர் கிளினிக்கில். அங்கே கடல் தொட்டிக்கென்றே விற்கிற உப்புப் பொட்டலம் வாங்கிக் கரைத்துத்தான் ஊற்றுவேன். அதில் ஒரு இழை பாசி இல்லை. ஆக, என் வேலை சரி, இங்கே கைதான் தப்பு. இவ்வளவு கச்சிதமாக ஒரு முடிவுக்கு நான் அதற்கு முன் வந்ததில்லை.

முதலாளியிடம் மெதுவாகத்தான் சொன்னேன். “சார், உரம் அள்ற கையால தீனி போடறாங்க. அதுவா இருக்கலாம்.”

அவர் மெதுவாகக் கேட்கிறவர் இல்லை. “ஏழுமல! ஒங்கையாலதான்டா இம்மாம் பாசியும்! அந்தம்மா டெஸ்ட்டு பண்ணி சொல்லுது!”

கடையில் எட்டு ஒன்பது பேர் இருந்தார்கள். ஏழுமலை தன் கையைத் திருப்பிப் பார்த்தார். “கழுவிட்டுப் போடறேன் மொதலாளி” என்றார்.

அன்றிலிருந்து சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தீனி போட்டார். பாசி குறையவில்லை. பொத்தான் பவளத்தில் பாதி மூடிக்கொண்டுவிட்டது. நான் பயந்துபோய், வாரம் இரண்டு கேன் மாற்றிய தண்ணீரை நான்கு கேனாக ஆக்கினேன். அதற்கும் பாசி கூடியது. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“நிச்சயமா இவன் கைதானாம்மா? கழுவறேங்கறான், ஆனா கூடிகிட்டேதான போவுது.”

நான் வாயைத் திறந்து ‘ஆமாம்’ என்று சொல்லவில்லை. தலையை ஆட்டினேன். கூச்சப்படுகிறவர்களுக்கு அது ஒரு வசதி. பேசினால்தான் பொறுப்பு, தலையாட்டினால் இல்லை என்று நினைத்துக்கொள்வோம். அந்தத் தலையாட்டலில் இருபது வருடம் அங்கே நின்ற ஒரு ஆளின் வேலை போயிற்று. கடையில் வேறு சில மனத்தாங்கலும் இருந்திருக்கலாம். அப்படி இருந்தது என்று நம்பத்தான் நானும் கொஞ்ச நாள் முயற்சி செய்தேன்.

முதலாளி தொட்டி மூடிக்கு ஒரு பூட்டும் போட்டார். சாவியை என்னிடமே கொடுத்தார். தீனிக்குத் தானாகக் கொட்டுகிற ஒரு சின்ன இயந்திரம் வாங்கி வைத்தேன். இனி ஒரு கையும் உள்ளே போகாது. தராசுக்கு முதலாளி மனைவியின் சொந்தத்தில் ஒருவர் வந்தார். அவர் அரைக் கிலோவுக்கும் கால்குலேட்டர் தேடுவார்.

மூன்று வாரம் போனது. பாசி கண்ணாடிக்கே வந்துவிட்டது. காளான் பவளம் சுருங்கிக் காய்ந்த வடகம் போல நின்றது. நான் பூட்டைத் திறந்து, நான்கு கேன் ஊற்றிவிட்டு நிமிர்ந்தபோது முதலாளி பின்னால் நின்றார். அன்றைக்குக் குரல் உயரவே இல்லை.

“ஏம்மா, இப்ப இதுக்குள்ள கைய வுடறது நீ ஒருத்திதான?”

“ஆமாம் சார்.”

“அப்ப எந்தக் கைய சந்தேகப்படறது?”

அவர் கிண்டலாகத்தான் கேட்டார். எனக்கு உச்சந்தலையில் வெயில் அடித்த மாதிரி இருந்தது. காலி கேனின் அடியில் கொஞ்சம் தண்ணீர் நின்றது. அதைக் குப்பியில் எடுத்து மருந்தைச் சொட்டினேன். இத்தனை நாளும் தொட்டியைப் பரிசோதித்தேன், குழாயைப் பரிசோதித்தேன், தீனியைக்கூடக் கரைத்துப் பார்த்தேன். தம்பி கொடுத்த கேனை மட்டும் தொடவில்லை. அவன் சீராகக் கொடுப்பதை டெஸ்ட் பண்ணினால் என்ன மரியாதை? புடவை கொடுத்தால் நூல் பிரித்தா பார்ப்போம்?

குப்பி தொட்டித் தண்ணீரைவிடக் கருநீலமாக வந்தது. அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்தால் தம்பி உட்கார்ந்து என் வீட்டுக்காரரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டில் கருவாட்டுக் குழம்பு. இரண்டு பேரும் ஏதோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“எங்கேருந்துடா தண்ணி மொண்டாற?” என்று கேட்டேன்.

“எந்தத் தண்ணி?”

“கேன் தண்ணிடா.”

கை வாய்க்குப் போகாமல் நின்றது. “படகுத்துறையிலதான்க்கா. கடத்தண்ணி உள்ள ஏறி வர்ற ஏத்தத்துலதான் மொண்டேன், நல்லா தெளிவாத்தான் இருந்துச்சு.”

“படகுத்துறையிலயா?”

“பின்ன? மீன்பிடிக்கத் தட போட்டு ஒன்றர மாசம் ஆவுது. படகெல்லாம் கட்டிக் கெடக்கு. நான் என்ன நீந்திப் போயா மொண்டார்றது?”

என் வீட்டுக்காரர் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னார்: “மீனவர் வூட்டுப் பொண்ணு, மச்சான். தடைக்காலம்னு ஒண்ணு இருக்கறதே உங்கக்காவுக்கு இன்னிக்குத்தான் தெரியுது.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்லடா?”

“நீ கேக்கலியேக்கா. கேன் ரெண்டு நாலாச்சு. இல்லன்னு எப்புடி சொல்றது? சீருன்னு சொல்லிட்டு ரெண்டு மாசம் நிறுத்த முடியுமா?”

அவனைத் திட்ட எனக்கு என்ன இருக்கிறது? வருடா வருடம் சித்திரையில் தடை வரும், விசைப்படகு ஒன்றும் கடலுக்குப் போகாது. இது எங்கள் தெருவில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். ஒன்றரை மாதமாகத் தம்பி மதியச் சாப்பாட்டுக்கு என் வீட்டில்தான் இருக்கிறான். மினி வேனில் மீன் பெட்டிகள் பாதி காலி. கால் நீட்டி உட்கார வசதியாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே அந்தக் கேன்களைக் கொண்டுபோனேன். துறையில் கட்டிய படகுகளைச் சுரண்டி, சோப்புப் போட்டுக் கழுவி, பெயிண்ட் அடிக்கிற இடத்துத் தண்ணீர். துறை ஆறு கடலில் சேர்கிற இடம் என்றாலும் கோடையில் அங்கே உப்பு குறைவதில்லை, அதனால் உப்பு அளவு பார்த்தபோதும் சந்தேகம் வரவில்லை. பாசி கூடினால் கேனைக் கூட்டினேன். கேன் கூடினால் பாசி கூடியது. ஏழுமலை விரல் நுனியில் போட்டிருக்கக்கூடியதை நான் நான்கு கேனில் போட்டிருக்கிறேன்.

இந்த இடத்தில்தான் நீங்கள் என்னைக் கவனிக்க வேண்டும். தண்ணீரை மாற்றினால் தொட்டி சரியாகிவிடும். உப்புப் பொட்டலத்துக்கு மாறிவிட்டு, ‘பூட்டு போட்டதால் பாசி மெல்ல அடங்குகிறது சார்’ என்று சொன்னால் முதலாளி நம்புவார். என் பெயரும் நிற்கும். அன்று முழுக்க அந்த வழியைத்தான் மனசுக்குள் நடந்து நடந்து பார்த்தேன். நல்ல வழி, மேடு பள்ளம் இல்லாத வழி. அதன் முடிவில் ஏழுமலை மட்டும் வேலை இல்லாமல் நின்றார்.

முதலாளிக்குப் போன் போட்டுத் தனியாகச் சொல்லலாம் என்றும் நினைத்தேன். ஆனால் ஏழுமலையின் கையைப் பற்றி எட்டு ஒன்பது பேர் முன்னால்தான் பேச்சு வந்தது. பழியை எத்தனை பேர் காதில் போட்டோமோ அத்தனை பேர் காதிலும்தான் அதைத் திரும்ப எடுக்க வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை; சொல்லித் தந்திருந்தால் அதற்கும் தலையாட்டியிருப்பேன்.

அடுத்த நாள் கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போனேன். இரண்டு குப்பிகளைக் கைரேகை மிஷின் பக்கத்தில் வைத்தேன். ஒன்று உப்புப் பொட்டலம் கரைத்த தண்ணீர், ஒன்று என் கேன் தண்ணீர். மருந்து சொட்டியதும் ஒன்று நிறம் மாறாமல் நின்றது, ஒன்று கருநீலமானது. எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள்.

“சார், பாசி ஏழுமலை கையால வரல. நான் கொண்டாந்த தண்ணியால வந்துது. தப்பு என்னுது.”

என் குரல் எவ்வளவு தூரம் கேட்டது என்று எனக்குத் தெரியாது. பின்னால் நின்ற ஒருவர், “என்னா சொல்லுது?” என்று கேட்டார். மறுபடியும் சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டாவது தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டம்.

முதலாளி முகம் சிவந்தது. “இத எங்கிட்ட தனியா சொல்லியிருக்கலாம்லம்மா? வேற ஆள் போட்டாச்சு. வுடு, ஆனது ஆச்சு.”

“என்னா ஆச்சு?” என்றார் அன்று செப்புக் காசு போட்ட அதே பெரியவர். “ஏழுமலைன்னா எனக்கு எத்தினி காணி, எத்தினி கிலோன்னு கேக்காமயே போடுவான். இவரு நேத்து எனக்கு ஒரு கிலோ கொறச்சிப் போட்டு, ஒரு கிலோவுக்கு ஜாஸ்தி காசு வாங்கிட்டாரு.”

“அது மிஷின் தப்பு பெருசு” என்றார் கால்குலேட்டர்காரர்.

“தராசுல மிஷின் எங்கய்யா கீது?”

சிரிப்பு எழுந்தது. முதலாளி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் பக்கம் குனிந்து, எனக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னார்: “நீயே போயி கூப்புடு. நான் போனா நல்லாருக்காது.”

ஏழுமலையின் வீடு கீரப்பாளையத்தில் ஒரு ஓட்டு வீடு. அவர் மனைவிதான் வெளியே வந்தார். நான் யார் என்று சொன்னதும், உள்ளே பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: “இந்தா, உன் கைய டெஸ்ட்டு பண்ணுன டாக்டரம்மா வந்துருக்குது. அடுத்து கால வெட்ட வந்துதோ என்னவோ.”

எனக்கு அது வேண்டியதுதான். ஏழுமலை வந்து நின்றார். நடந்ததைச் சொன்னேன், கடையில் சொன்னதைவிட இங்கே வாய் தடுமாறியது. அவர் கடைசிவரை கேட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன், அதற்குத் தயாராகவும் போயிருந்தேன்.

“அப்ப என் கையில ஒண்ணும் இல்லீங்களாம்மா?” என்றார்.

“இல்லீங்க.”

“இருவது வருசமா அள்ளுன கை. உள்ள ஊறிப்போச்சோன்னு நெனச்சேன். எலுமிச்சம்பழம் தேச்சுப் பாத்தேன், மண்ணெண்ணெயில கழுவிப் பாத்தேன். சோறு பெசயறதுக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. பொண்ணு வூட்டுக்கு வந்தா, பேரப்புள்ளய தூக்காம தள்ளியே நிப்பேன்.”

அவர் மனைவி அதுவரை வாசல்படியில் நின்று என்னை முறைத்துக்கொண்டிருந்தார். இதைக் கேட்டதும் கணவர் பக்கம் திரும்பி, “இத எங்கிட்ட சொல்லவே இல்லியே” என்றார்.

“மொதலாளி வரச் சொன்னாருங்க” என்றேன்.

“அவரு சொன்னாரா, நீங்க சொல்றீங்களா?”

“அவர்தான் சொன்னாரு. வந்து கூப்புட கூச்சப்படறாரு.”

“அவருக்கும் அது உண்டா” என்று சொல்லி, முதன்முறையாகச் சிரித்தார். வருவதாகவும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்; அவர்களும் வேண்டுமா என்று கேட்கவில்லை.

நீங்கள் தொட்டி பார்க்கப் போகிற இடத்தில் பாசி வந்தால், முதலில் உங்கள் கையிலிருந்து உள்ளே போவதைப் பாருங்கள். அடுத்தவர் கையைப் பற்றி அப்புறம் பேசலாம். யாருடைய வேலையாவது உங்கள் பதிலில் தொங்குகிறது என்றால் தலையாட்டாதீர்கள். ‘தெரியல சார், பாத்து சொல்றேன்’ என்று வாயால் சொல்லுங்கள். நான்கே வார்த்தைதான். என்னால் சொல்ல முடியாமல் போன நான்கு வார்த்தை.

நான் அவர் வீட்டுக்குப் போய் வந்த மறுநாள் ஒன்பதரைக்கு ஏழுமலை வேலைக்கு வந்தார் என்று முதலாளி போனில் சொன்னார். தீனி டப்பாவை மட்டும் அவர் தொடவில்லையாம்.